உதிரிப் புள்ளிகள்

அன்புள்ள ஐயா,

நான் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலோ-சாக்சன் ஆயர்கள், துறவிகள், கன்னியர் மடங்கள் இவர்களுக்கு இடையே இருந்த தொடர்பு வலைதான் என் தலைப்பு. இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்குப் போய்ச் சமயப் பணி செய்த ஆயர் போனிஃபாஸ், அவருக்குப் பின் வந்த லுல் ஆகியோரின் கடிதத் தொகுப்பில் உள்ள சுமார் 150 கடிதங்களையும் கணினியில் ஏற்றி, ஆளுக்கு ஒரு புள்ளி, கடிதம் போன இருவருக்கு நடுவே ஒரு கோடு என்று படமாக வரைந்திருக்கிறேன். படம் நன்றாக வந்திருக்கிறது. போனிஃபாஸ் நடுவில் சூரியன் மாதிரி நிற்கிறார்.

ஒரு சிக்கல். பெரும்பாலான கடிதங்களில் செய்தி என்று எதுவும் இல்லை. ‘எனக்காக ஜெபியுங்கள்’, ‘இந்தச் சிறு பரிசை ஏற்றுக்கொள்ளுங்கள்’, இவ்வளவுதான். இவற்றைச் சம்பிரதாய வாசகம் என்று கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். ஒரே ஒரு கோடு மட்டும் உள்ள உதிரிப் புள்ளிகளையும் படம் தெளிவாக இருப்பதற்காக நீக்கிவிட்டேன். இது சரிதானே? போனிஃபாஸை வலையின் மையம் என்று எழுதலாமா? இவர்களெல்லாம் அரச குடும்பத்து, பிரபுக் குடும்பத்து உறவினர்கள்தானே, சமயம் வெறும் போர்வைதானே? அப்புறம், இந்த ஆய்வுக்குப் பழைய ஆங்கிலம் கற்றாக வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேறொரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கி.பி. 764-இல் வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்திலிருந்து மடாதிபதி கத்பர்ட், ஜெர்மனியின் மெயின்ஸ் நகர ஆயர் லுலுக்கு எழுதியது. உங்கள் படத்திலும் அது ஒரு கோடாக இருக்கும். அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் ‘செய்தி எதுவும் இல்லை’ என்று உங்களால் எழுத முடிகிறதா, பாருங்கள்.

ஜாரோ மடத்தில் வாழ்ந்த துறவியும் வரலாற்றாசிரியருமான பீடின் நூல்களை லுல் கேட்டிருக்கிறார். பீட் இறந்து அப்போது 29 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய எச்சங்களைப் போர்த்த ஒரு பட்டுத்துணியையும், குளிருக்குக் கத்பர்ட் போர்த்திக்கொள்ள ஒரு வண்ணப் போர்வையையும் லுல் அனுப்பியிருக்கிறார். கத்பர்ட் நன்றி சொல்கிறார். போர்வையைத் தான் போர்த்திக்கொள்ளவில்லை, புனித பவுலின் பீடத்தை மூடக் கொடுத்துவிட்டேன் என்கிறார். அந்தப் புனிதரின் பாதுகாப்பில்தான் 46 ஆண்டுகளாக இந்த மடத்தில் வாழ்ந்திருக்கிறேன் என்று காரணமும் சொல்கிறார். தன் பெயரையே கொண்ட முந்தைய காலத்துப் புனிதர் கத்பர்டைப் பற்றி பீட் எழுதிய வரலாற்றை, செய்யுளும் உரைநடையுமாக இரண்டையும், தன் பையன்களைக் கொண்டு பிரதியெடுத்து அனுப்புகிறார். இன்னும் நிறைய அனுப்பியிருப்பேன், ஆனால் போன குளிர்காலம் பனியும் காற்றும் மழையுமாக இந்தத் தீவை நெடுநாள் வதைத்துவிட்டது, எழுதுகிறவர்களின் கை ஓடவில்லை என்கிறார். அந்த விறைத்த கைகளைப் பற்றி எழுதியவர் அதே குளிரில் உட்கார்ந்திருந்தவர்.

இனிமேல்தான் முக்கியமான இடம். ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் ஹுன்வினி என்ற குருவிடம் 20 கத்திகளும் நீர்நாய்த் தோலில் தைத்த ஓர் அங்கியும் கொடுத்தனுப்பினேன். அவர் பெனவெந்தோ நகரம்வரை போய் அங்கேயே இறந்துவிட்டார். பொருள்கள் உங்கள் கைக்கு வந்தனவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை என்கிறார். ஆறு வருடம், எம். தெற்கு இத்தாலியில் ஒருவர் இறந்துபோகிறார். அவர் மூட்டையில் இருந்த கத்திகள் என்ன ஆயின என்று வட கடலோரத்தில் ஒருவர் ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு இரண்டு விஷயங்கள் கேட்கிறார். உங்கள் மறைமாவட்டத்தில் கண்ணாடிப் பாத்திரம் நன்றாகச் செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அனுப்பிவையுங்கள், எங்களுக்கு அந்த வேலை தெரியவில்லை. அப்புறம், எங்களிடம் ஒரு யாழ் இருக்கிறது, வாசிக்க ஆள் இல்லை, ஒரு யாழ் வாசிப்பவரையும் அனுப்புங்கள். கேட்டுவிட்டு, என் வேண்டுகோளை இளக்காரமாக எண்ணாதீர்கள், சிரித்துவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறார்.

கண்ணாடி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வியர்மவுத் மடத்தை 674-இல் நிறுவிய பெனடிக்ட் பிஸ்கப், கண்ணாடி வேலைக்காரர்களைக் கடல் கடந்து கோல் நாட்டிலிருந்து (இன்றைய பிரான்ஸ்) வரவழைத்தார் என்று பீடே எழுதியிருக்கிறார். வந்தவர்கள் வேலையை முடித்ததோடு நிற்கவில்லை, இங்குள்ளவர்களுக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள் என்கிறார். ஜாரோ அந்த வியர்மவுத்தின் இரட்டை மடம். மூன்று தலைமுறை போவதற்குள் அங்கே ஒருவருக்கும் அந்தத் தொழில் தெரியவில்லை. ஒரு வலை பிறந்ததையும் நைந்ததையும் மறுபடி ஒட்டவைக்க ஒரு கிழவர் பாடுபட்டதையும் இந்த ஒரே கடிதத்தில் பார்க்கலாம். நீங்களோ இதை ‘ஜாரோ–மெயின்ஸ், 1’ என்று பதிந்துவைத்திருப்பீர்கள்.

உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 150 கடிதங்களையும் ஒருவர் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் பரிசையும் ஜெபத்தையும் நீக்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் உண்மையிலேயே கோபம் வந்தது. அவற்றை நீக்கிவிட்டு எந்த வலையை ஆராயப்போகிறீர்கள்? அந்த மனிதர்களைச் சேர்த்துக் கட்டியதே அதுதான்.

பீட் செத்துக்கொண்டிருந்தபோது என்ன செய்தார் என்பதை அருகில் இருந்த அவருடைய மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பெயரும் கத்பர்ட். பின்னாளில் நம் 20 கத்திகளை அனுப்பிய மடாதிபதி இவர்தான் என்றே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். 735 மே மாதம். என் பெட்டியில் சில நல்ல பொருள்கள் இருக்கின்றன, மிளகு, துணிகள், சாம்பிராணி. ஓடிப்போய் மடத்துக் குருக்களைக் கூட்டிவா, கடவுள் எனக்குத் தந்ததை அவர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறேன் என்கிறார் பீட். அவர்கள் வந்ததும் ஒவ்வொருவரிடமும் பேசுகிறார். எனக்காகத் திருப்பலி வையுங்கள், ஜெபியுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அக்காலத்தில் மத்தியதரைக் கடல் நாடுகளுக்குப் போன மிளகு நம் மலபார்க் கரையிலிருந்து போனது. எத்தனை கைமாறி அந்தப் பெட்டிக்குள் வந்து விழுந்ததோ, கடைசியில் ஒரு ஜெபத்தைக் கேட்டு வாங்க உதவியது.

இன்னொன்று. பீட் உரைநடையில் எழுதிய புனித கத்பர்ட் வரலாற்றின் முன்னுரையைப் படித்திருக்கிறீர்களா? நூலைக் கேட்டவர்கள் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தார், ஆயர் எட்ஃப்ரித். எழுதிக் கொடுத்ததற்கு பீட் என்ன கேட்கிறார்? நான் இறந்தபின் உங்கள் வீட்டு ஆளுக்குச் செய்வதைப் போல எனக்காக ஜெபித்துத் திருப்பலி வையுங்கள், என் பெயரை உங்கள் பெயர்களோடு எழுதிக்கொள்ளுங்கள் என்கிறார். கேட்டதோடு விடவில்லை. இதை ஏற்கெனவே எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு அடையாளமாக என் பெயரை இப்போதே பட்டியலில் ஏற்றும்படி சகோதரர் குத்ஃப்ரித்துக்கு நீங்கள் உத்தரவும் போட்டீர்கள் என்று ஞாபகப்படுத்துகிறார். அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகப் பெரிய அறிஞர் அவர். ஒரு பெயர்ப்பட்டியலில் தன் பெயர் ஏறிவிட்டதா என்று இப்படி உறுதிசெய்துகொள்கிறார். இதைச் சம்பிரதாயம் என்று ஒதுக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அத்தகைய பட்டியல் ஒன்று இன்றும் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நார்த்தம்பிரியாவில் எழுதப்பட்டு, பிறகு டரமில் இருந்து, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ‘வாழ்வின் நூல்’. அரசர்கள், அரசிகளும் மடத்தலைவிகளும், தனித்துறவிகள், மடாதிபதிகள், குருக்கள், துறவிகள் என்று தலைப்புப் போட்டு, பொன் மையிலும் வெள்ளி மையிலும் மாற்றி மாற்றி எழுதிய பெயர்கள். மூவாயிரத்துக்கும் மேல். எந்த ஊர், என்ன செய்தார், எப்போது இறந்தார், எதுவும் இல்லை. பெயர் மட்டும். மிகப் பெரும்பாலானவர்களை இனி யாராலும் அடையாளம் காண முடியாது. ஆய்வாளர்களுக்கு இது எரிச்சல் தரும் நூல். எனக்கு அந்த யுகத்தின் மிக நேர்மையான ஆவணம் இதுதான் என்று தோன்றுகிறது. இந்த வலையில் இருப்பதற்கு என்ன பொருள் என்று அது ஒளிக்காமல் சொல்கிறது: உன் பெயரை யாரோ ஒருவர் பீடத்தின் முன் நினைத்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறார்.

என் அத்தை ஒருவர் கன்னியர் மடத்தில் இருந்தார். போன வருடம் இறந்தார். பள்ளிக் காலத்தில் அவருடைய இன்லண்டு கடிதங்கள் எங்கள் வீட்டுக்கு வரும். நலம், நலமறிய ஆவல் என்று இரண்டு வரி. அதற்குப் பிறகு முழுக்கப் பெயர்கள். ‘சின்னையாவை, மேட்டுத்தெரு அக்காவை, அவர்கள் மூத்த மகளை, தபால்காரரை, வடக்கு வீட்டுப் பாட்டியை ஜெபத்தில் நினைக்கிறேன்.’ மடிப்பு ஓரம்வரை நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார். நாங்கள் பிள்ளைகள் எங்கள் பெயர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு ஓடிவிடுவோம். அம்மா மட்டும் ஒரு பெயரையும் விடாமல் வாய்விட்டுப் படிப்பார். படித்துவிட்டு, மறுநாள் அந்த வீடுகளுக்கெல்லாம் போய், ‘சிஸ்டர் உங்களைக் கேட்டு எழுதியிருக்கிறாள்’ என்று சொல்லிவிட்டு வருவார். வடக்கு வீட்டுப் பாட்டி கண் தெரியாதவர். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். நான் எட்டாம் நூற்றாண்டுக் கடிதங்களைப் படிக்க ஆரம்பித்தபோது, மற்றவர்கள் தாண்டிப்போகும் வரிகளில் எனக்குக் கண் நின்றதற்கு அத்தைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் சூரியனுக்கு வருகிறேன்.

போனிஃபாஸ் மையமாக நிற்பது அவருடைய பெருமையால் மட்டுமில்லை. அவரோடு வேலை செய்து, அவருக்குப் பின் மெயின்ஸ் ஆயரான லுலும் அவரைச் சேர்ந்தவர்களும் அந்தக் கடிதங்களைப் பத்திரப்படுத்திப் பிரதியெடுத்தார்கள். அதனால் அவை பிழைத்தன. கேன்டர்பரியிலோ யார்க்கிலோ இதேபோல் ஒரு பெட்டி பிழைத்திருந்தால் உங்கள் படத்தில் சூரியன் வேறு இடத்தில் உதித்திருக்கும். மடத்தலைவி எட்பர்காவை எடுத்துக்கொள்ளுங்கள். போனிஃபாஸ் அவரிடம் புத்தகங்கள் கேட்கிறார். பேதுருவின் திருமுகங்களைப் பொன் எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டு, பொன்னையும் அனுப்பிவைக்கிறார். வேதத்தின் மேன்மையைக் கண்ணால் பார்த்தால்தான் இங்குள்ளவர்களுக்கு மதிப்பு வரும் என்கிறார். பின்னாளில் ஜெர்மனியில் மடத்தலைவியான லியோபாவுக்குச் செய்யுள் எழுதக் கற்றுக்கொடுத்ததும் எட்பர்காதான். இத்தனை பேர் அவரை நோக்கிக் கை நீட்டுகிறார்கள். ஆனால் எட்பர்கா போனிஃபாஸுக்கு எழுதிய ஒரு கடிதம்கூட நம்மிடம் இல்லை. கணினிக்கு அவர் வெறுமனே கடிதம் பெற்றுக்கொண்டிருந்தவர்.

பீட் உங்கள் படத்தில் இருக்கிறாரா? இருக்க மாட்டார். அந்தத் தொகுப்பில் அவர் எழுதியதும் இல்லை, அவருக்கு எழுதியதும் இல்லை. போனிஃபாஸும் பீடும் சந்தித்ததாகவோ கடிதம் எழுதிக்கொண்டதாகவோ எந்தச் சான்றும் கிடையாது. ஆனால் பீட் தன் திருச்சபை வரலாற்றின் முன்னுரையில், தகவல் தந்தவர்களை ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கேன்டர்பரியில் மடாதிபதி அல்பினஸ். அவருக்கும் பீடுக்கும் நடுவே போய்வந்து, ரோமில் பாப்பரசரின் ஆவணங்களைத் தேடிக் கொண்டுவந்த லண்டன் குரு நாதெல்ம். மேற்கு சாக்சன்களைப் பற்றி எழுதி அனுப்பிய வின்செஸ்டர் ஆயர் டேனியல். இந்த நாதெல்ம் பின்னால் கேன்டர்பரிப் பேராயர் ஆனார். அவரிடம்தான் போனிஃபாஸ், பாப்பரசர் கிரகோரி கேன்டர்பரியின் முதல் பேராயர் அகஸ்டினுக்குத் தந்த பதில்களின் பிரதியைக் கேட்டு எழுதுகிறார், ரோமில் தேடியும் அது கிடைக்கவில்லையாம். டேனியல்தான் போனிஃபாஸை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர். பீட் இறந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய நூல்களை அனுப்புங்கள் என்று போனிஃபாஸ் யார்க் பேராயருக்கும் வியர்மவுத் மடாதிபதிக்கும் எழுதுகிறார். யார்க்குக்கு இரண்டு சிறு பீப்பாய் திராட்சைமதுவும் கூடவே போகிறது, சகோதரர்களோடு ஒரு நாள் மகிழ்ந்திருங்கள் என்று. எல்லாக் கைகளும் நீளும் இடத்தில் இருக்கிற மனிதர் உங்கள் படத்தில் புள்ளியாகக்கூட இல்லை.

எம்., அந்த வலையின் உயிர் கேட்பதில் இருந்தது. யார் யாரிடம் என்ன கேட்டார், எந்த உரிமையில் கேட்டார், கிடைத்ததா. இதை வரையுங்கள். யாருக்கு யாரைத் தெரியும் என்பது அதற்கு அடுத்த விஷயம்.

போனிஃபாஸ் டேனியலுக்கு எழுதிய கடிதத்தில், தன் குரு வின்பர்ட் தெளிவான, தனித்தனி எழுத்தில் எழுதிய ஆறு தீர்க்கதரிசிகளின் நூலைக் கேட்கிறார். எனக்குக் கண் மங்கிவருகிறது, சேர்த்து எழுதிய பொடி எழுத்துகளை இனி என்னால் படிக்க முடியாது, அப்படி ஒரு புத்தகம் இந்த நாட்டில் கிடைக்காது என்கிறார். கேட்கப்படுகிற டேனியலுக்கு அப்போது பார்வையே போய்விட்டது. கண் மங்கும் கிழவர் ஒருவர், பார்வையிழந்த இன்னொரு கிழவரிடம், இருவருக்கும் தெரிந்த ஓர் இறந்துபோன மனிதரின் கையெழுத்தைக் கேட்கிறார். கூடவே டேனியலுக்குக் கால் துடைக்க ஒரு துண்டு அனுப்புகிறார், பட்டும் ஆட்டுமயிரும் கலந்து நெய்தது. அந்தத் துண்டையும் நீங்கள் நீக்கியிருப்பீர்கள்.

கேட்டது கிடைக்காமல் போன கதையும் உண்டு. லியோபா முதன்முதலில் போனிஃபாஸுக்கு எழுதியபோது, என் தகப்பனார் உங்கள் நண்பர், இறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன, அவருக்காக ஜெபியுங்கள். என் தாயார் உங்களுக்கு உறவு, நோயில் கிடக்கிறார். நான் அவர்களுக்கு ஒரே மகள். தகுதி இல்லாவிட்டாலும் உங்களை என் சகோதரனாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று கேட்டிருந்தார். லத்தீன் செய்யுள் நான்கு வரியும், என்னை நினைத்துக்கொள்ள ஒரு சிறு பரிசும். போனிஃபாஸ் பிறகு அவரை ஜெர்மனிக்கு வரவழைத்து பிஷப்ஸ்ஹெய்ம் மடத்தை ஒப்படைத்தார். 754-இல் ஃபிரிசியாவுக்கு (இன்றைய நெதர்லாந்துப் பகுதி) கிளம்புமுன், இறந்தபின் அவரையும் என் கல்லறையிலேயே வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் என்கிறது லியோபாவின் வரலாறு. போனிஃபாஸ் அங்கே கொல்லப்பட்டார். ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து லியோபா இறந்தபோது ஃபுல்டா மடத்துத் துறவிகள் அந்தக் கல்லறையைத் திறக்க அஞ்சி, வேறொரு பீடத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். வலையின் நடுவில் நின்ற மனிதரின் கடைசி வேண்டுகோள் அப்படிப் போயிற்று.

அரச குடும்பம், உறவுமுறை பற்றிய உங்கள் கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆமாம், பலர் உறவினர்கள். மடங்களை நிறுவியதும் ஆண்டதும் பெரும்பாலும் பெரிய குடும்பங்கள். இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். சமயம் போர்வை என்பது தேநீர்க்கடைப் பேச்சு, அதை ஆய்வேட்டில் வைக்காதீர்கள். ஜாரோ கத்பர்டுக்கும் மெயின்ஸ் லுலுக்கும் நடுவில் எந்த ரத்த உறவும் தெரியவில்லை. இருந்தும் 20 கத்திகள் போயின.

உதிரிப் புள்ளிகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறங்கவிடாத வரி இதுதான்.

நீங்கள் பெர்த்கித்தை நீக்கியிருக்கிறீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், ஏனென்றால் உங்கள் விதிப்படி அவள் போய்த்தான் ஆக வேண்டும். தாய் சினெஹில்டோடு இங்கிலாந்திலிருந்து ஜெர்மனியின் துரிங்கியாவுக்கு வந்து, அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவள். சினெஹில்ட் லுலுக்கு அத்தையோ சித்தியோ முறை. பெற்றோர் இறந்துவிட்டார்கள். ஒரே சகோதரன் பால்ட்ஹார்ட். அவனுக்கு அவள் எழுதிய கடிதங்கள் அந்தத் தொகுப்பில் ஒரு மூலையில் கிடக்கின்றன. அவன் எழுதியது ஒன்றும் இல்லை. ஆக, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, ஒரே திசையில், ஒரு கோடு. நீக்கிவிட்டீர்கள்.

என்ன எழுதுகிறாள்? என் சகோதரனே, இவ்வளவு காலத்தை நடுவில் விட்டுவிட்டு ஏன் வராமல் இருக்கிறாய். இந்த மண்ணில் நான் தனியாக இருக்கிறேன் என்பதை ஏன் நினைத்துப்பார்க்க மாட்டேன் என்கிறாய். வேறு சகோதரர் யாரும் என்னைப் பார்க்க வருவதில்லை, உறவினர் ஒருவரும் வருவதில்லை. தகப்பனும் தாயும் கைவிட்டாலும் ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொண்டார் என்ற சங்கீத வரியைச் சொல்கிறாள். உனக்கும் எனக்கும் நடுவில் எத்தனையோ தண்ணீர் கிடக்கிறது, ஆனாலும் அன்பால் சேர்ந்திருப்போம் என்கிறாள். நீ வா, இல்லையென்றால் நம் பெற்றோரின் உடல்கள் கிடக்கும் இடத்துக்கு நான் வந்து அங்கேயே என் வாழ்வை முடித்துக்கொள்ள விடு என்கிறாள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, ஆய்வு என்ற முறையிலும். அவள் எழுதும் லத்தீன் முழுக்கப் பள்ளியில் கற்ற லத்தீன். மற்றவர்கள் ஆயருக்கும் மடத்தலைவிக்கும் எழுதும்போது பயன்படுத்திய அதே தொடர்கள், அதே வணக்கம், அதே ‘பார்க்க ஏங்குகிறேன்’. புத்தகம் கேட்கவும் பரிந்துரை கேட்கவும் ஒரு தலைமுறையே செய்து வைத்திருந்த வாசகங்களை எடுத்து, அவள் தன் தம்பியையோ அண்ணனையோ வரச் சொல்கிறாள். நீங்கள் சம்பிரதாயம் என்று ஒதுக்கிய வாசகம் அவள் கையில் என்ன வேலை செய்கிறது, பாருங்கள். அவளிடம் வேறு மொழி இல்லை. அந்த வலை அவளுக்குத் தந்தது அதுதான், அதை வைத்தே அவள் அந்த வலையை உலுக்குகிறாள். அவள் கடிதத்தைப் படித்த பிறகு, மற்ற 140 சொச்சம் கடிதங்களில் வரும் ‘உங்களைப் பார்க்க ஏங்குகிறேன்’ என்ற வரியை நான் தாண்டிப்போனதே இல்லை.

பால்ட்ஹார்டைத் திட்டவும் எனக்கு விருப்பமில்லை. அவன் அனுப்பிய கடிதமும் பரிசும் ஒரு நம்பிக்கையான தூதர் மூலம் கிடைத்தன என்று அவளே ஒரு கடிதத்தில் சொல்கிறாள். அவன் வந்தானா இல்லையா என்று தொகுப்பில் இல்லை. ஆனால் அவள் கேட்டது இருக்கிறது. யாரோ ஒருவர் அதைத் தூக்கிப் போடாமல் போனிஃபாஸின் கடிதங்களோடு, பாப்பரசர்களின் கடிதங்களோடு சேர்த்துப் பிரதியெடுத்திருக்கிறார். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டில் தோலும் மையும் இருந்த விலைக்கு, கணினி இல்லாத அந்த மனிதர் அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு ஒரு புள்ளி வைக்க இடமில்லையா?

இதே காரணத்துக்காகத் தூதர்களையும் சேருங்கள். கடிதம் கொண்டுபோனவர்கள் வெறும் தபால்காரர்கள் கிடையாது. பலர் குருக்கள், எழுதாததை வாயால் சொன்னவர்கள். ஹுன்வினி எங்கே செத்தார் என்று நமக்குத் தெரிவதுகூட, 20 கத்திகள் போய்ச் சேர்ந்தனவா என்று ஒருவர் கவலைப்பட்டதால்தான். விட்பி மடத்தலைவி எல்ஃப்ளெட், ரோமுக்குப் போகும் ஒரு மடத்தலைவியைக் கவனித்துக்கொள்ளும்படி ஜெர்மனியின் டிரியர் அருகே இருந்த மடத்தலைவி அடோலாவுக்கு எழுதிய கடிதத்தையும் பாருங்கள். அங்கே வழிப்பயணமே கோடு. இரண்டு முனைகளும் பெண்கள், நடுவில் நடந்துபோகிறவரும் பெண். இதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதலாம்.

ஆகவே படத்தை மறுபடி போடுங்கள். அட்டவணையில் மூன்று பத்திகள் கூடுதலாக வேண்டும்: என்ன கேட்கப்பட்டது, என்ன அனுப்பப்பட்டது, யார் கொண்டுபோனார். 764-ஆம் ஆண்டுக் கடிதத்திலிருந்து தொடங்குங்கள், அதில் மூன்றுக்கும் விடை இருக்கிறது. கடிதம் எழுதாமல் உள்ளே பெயர் மட்டும் வருகிறவர்களையும் ஏற்றுங்கள், அப்போது பீட் தானாக வந்துவிடுவார். நீக்கிய உதிரிப் புள்ளிகள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். படம் கலங்கலாகத்தான் இருக்கும், பரவாயில்லை, உங்கள் மேற்பார்வையாளரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பழைய ஆங்கிலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிறகு கற்றுக்கொள்ளலாம், நல்ல மொழி. ஆனால் இந்தக் கடிதங்கள் எல்லாம் லத்தீனில் இருக்கின்றன, மொழிபெயர்ப்பை வைத்து ஒப்பேற்ற முடியாது. லத்தீனில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.